மூன்று தகரம் புல்லெண்ணெய்

கம்பத்துச் சரக்குக் கிட்டங்கியில் அன்று காலை நாங்கள் நான்கு பேர் இருந்தோம். முதலாளி காதர் ராவுத்தர் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொச்சிக் கம்பெனியிலிருந்து எண்ணெயைச் சோதித்து எடுத்துப்போக வந்திருந்த மேனோன், வெளிச்சம் விழும்படி மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். சுருளிப்பட்டிக்கு மேலே மலைச்சரிவில் எலுமிச்சைப்புல் அறுத்து எண்ணெய் காய்ச்சும் மொக்கைச்சாமி, தன்னுடைய மூன்று தகரங்களை ஒட்டி, தோள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நாலாவது ஆள் நான். ராவுத்தரிடம் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு எண்ணெய் சோதிக்கிறவன்.

வராதவர் ஒருவர்தான். மொக்கைச்சாமியின் மனைவி பேச்சியம்மாள். வீட்டில் ஆடு குட்டி போட்டிருந்ததால் வரவில்லை. வந்திருந்தால் விஷயம் அரைமணி நேரத்தில் வெளியாகியிருக்கும். அப்படி வெளியாகியிருந்தால் நான் இன்று எங்கே இருந்திருப்பேன் என்று தெரியாது.

மேனோன் கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு எண்ணெயை விட்டார். அதன்மேல் மூன்று பங்கு ஸ்பிரிட்டை விட்டார். கட்டைவிரலால் வாயை மூடி இரண்டு குலுக்குக் குலுக்கி, ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

குழாய்க்குள் அரிசி கழுவின தண்ணீர் நின்றது.

மேனோன் இரண்டாவது தகரத்திலிருந்து எடுத்தார். அதுவும் கலங்கியது. மூன்றாவதும் அப்படித்தான். மூன்று குழாய்களையும் மரச்சட்டத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"ராவுத்தரே, இதில் வேறே எண்ணெய் சேர்த்திட்டுண்டு" என்றார்.

சாராயம் குடிக்காத குடுவை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் கேட்டிருந்தார்: சாம்பாரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீரே, படித்த படிப்பைப் பற்றி எப்போது எழுதுவீர்? நியாயமான கேள்வி. என் படிப்பு எனக்குச் சோறு போட்ட இடம் இதுதான். ஆகையால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வாய்க்கால் மடை திறந்து அடைக்கிற வேலை. பெரியாற்றுத் தண்ணீர் எந்த நாள் எந்த வயலுக்கு என்பது அவருக்கு மனப்பாடம். கையெழுத்து மட்டும் வராது. மதுரையில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு வந்த என்னை ராவுத்தர் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அலமாரியில் கண்ணாடிக் குடுவைகள் வைக்கோலுக்குள் சுற்றிய மேனிக்கு இருந்தன.

"ஏலே சுருளி, இதெல்லாம் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். பாதிதான் தெரியும். மீதியை அன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டேன்.

எலுமிச்சைப்புல்லின் இலையை வெட்டிச் செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு கொதிக்கவிட்டால், ஆவியோடு எண்ணெயும் எழும்பிக் குழாய் வழியாக வந்து குளிர்ந்து, தண்ணீரின் மேலே மஞ்சளாக மிதக்கும். சோப்புக்கும் அத்தருக்கும் அது வேண்டும். யுத்த காலத்தில் அதற்கு இருந்த கிராக்கி சொல்லி முடியாது. கிராக்கி வந்ததும் கலப்படமும் வந்தது. தேங்காயெண்ணெய், சீமெண்ணெய், எது மலிவோ அது.

சோதனை இரண்டு. முதலாவது ஸ்பிரிட். சுத்தமான புது எண்ணெய் ஸ்பிரிட்டில் கரைந்து கண்ணீர்போலத் தெளிந்துவிடும். சமையல் எண்ணெய் ஒரு துளி கலந்திருந்தாலும் கலங்கும். இரண்டாவது, நெடுங்கழுத்துக் குடுவை. அதில் பத்துப் பங்கு எண்ணெயை விட்டு ஒரு உப்புக் கரைசலோடு சுடவைத்துக் குலுக்கினால், வாசனைக்குக் காரணமான சிட்ரால் என்ற சத்து மட்டும் கரைசலுக்குள் போய்விடும். கரையாத மிச்சம் குடுவையின் கழுத்தில் ஏறி நிற்கும். கழுத்தில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். மிச்சம் குறைவாக நின்றால் எண்ணெய் உசத்தி.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு மரியாதை இல்லை. ஸ்பிரிட் குப்பியைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போனால், "குடிக்கிறதைக் கொண்டுபோயி எண்ணெயில ஊத்துறானே, இவனையா படிக்கவச்சாக?" என்பார்கள். மொக்கைச்சாமியே ஒருநாள் குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, சோதனை முடிஞ்சதும் இதைக் கீழ கொட்டிருவியா? பாவம்டா" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மூன்று தகரத்தையும் நானே மலையடிவாரத்தில் வைத்துச் சோதித்திருந்தேன். மூன்றும் தெளிந்து நின்றன. 'சுத்தம்' என்று சீட்டு எழுதி என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் லாரி வரத் தாமதமானதால், தகரங்கள் அத்தனை நாளும் மொக்கைச்சாமி வீட்டிலேயே இருந்தன.

சிவப்புப் பெயின்ட்

மேனோன் அந்தச் சீட்டை எடுத்துக் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது நிங்களுடைய கையெழுத்துதானே?"

"ஆமாம் சார்."

"அப்போ தெளிஞ்சு. இப்போ கலங்கி. எந்தா காரணம்?"

அவருடைய தோல்பைக்குள் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயின்டும் தூரிகையும் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கலப்படம் என்று முடிவானால் தகரத்தின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போடுவார்கள். அதோடு அந்த எண்ணெய் போச்சு. எண்ணெய் மட்டுமல்ல, அந்த அடுப்பில் காய்ச்சின எதையும் கம்பத்திலும் குமுளியிலும் ஒரு வியாபாரியும் தொடமாட்டான். போன வருஷம் கூடலூர்ப் பக்கம் ஒருவருக்கு அப்படிக் குறி விழுந்தது. அவர் கொப்பரையை எடைக்குப் போட்டுவிட்டு ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்.

மேனோன் நெடுங்கழுத்துக் குடுவையிலும் பார்த்தார். சிட்ரால் நூற்றுக்கு எழுபத்தைந்து இருக்க வேண்டும், எழுபத்தாறு இருந்தது. அது தேறியதால்தான் அவர் உடனே பையைத் திறக்கவில்லை.

எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. புல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பழசானாலும் ஸ்பிரிட்டில் கலங்கும். புத்தகத்தில் இருக்கிறது.

"சார், மூணு வாரம் வீட்டுல இருந்திருக்கு. காத்துப் பட்டுப் பழசாகியிருக்கலாம். காகிதத்துல விட்டுப் பார்த்தாத் தெரிஞ்சுரும்."

மேனோன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செரி. நோக்கட்டே."

இலையிலிருந்து வருகிற எண்ணெய் காகிதத்தில் தங்காது. வெயிலில் வைத்தால் பறந்துபோய்விடும். சமையல் எண்ணெய் பறக்காது. காகிதத்தில் கறையாக நிற்கும். பலகாரம் மடித்த காகிதத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலு துண்டு வெள்ளைக் காகிதம் எடுத்தோம். மூன்றில் தகரத்து எண்ணெய். நாலாவதில், மூன்று வாரத்துக்கு முன் நான் மாதிரிக்கு எடுத்துச் சிறு குப்பியில் அரக்கு வைத்து மூடியிருந்த எண்ணெய். முற்றத்தில் துத்தநாகத் தகடு ஒன்று கிடந்தது. வெயிலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் நாலு துண்டையும் பரப்பிக் கல் வைத்தேன்.

அரைமணி நேரம். ஏலக்காய் மூட்டை வாசனையும் எலுமிச்சை வாசனையும் சேர்ந்து தொண்டையை அடைத்தது. ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். மொக்கைச்சாமி மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நீ பாத்துக்குவ என்பதுபோல.

நாலு துண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

நாலாவது காகிதம் புதுசாக இருந்தது. மற்ற மூன்றிலும் வெளிச்சம் ஊடுருவும்படி, காலணா அகலத்துக்கு வட்ட வட்டமாகக் கறை.

காப்பாற்றுவதற்காகச் சோதனை கேட்டவன் நான். கழுத்தை அறுத்ததும் நான்தான்.

சூடம்

மேனோன் பையைத் திறந்தார்.

அப்போதுதான் மொக்கைச்சாமி முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ராவுத்தரய்யா, எங்கய்யா காலத்துலருந்து ஒங்க கிட்டங்கிக்குச் சரக்குப் போடுறோம். ஒரு நா, ஒரு பொழுது, நான் கள்ளச் சரக்குப் போட்டிருக்கனா?"

"நான் சொல்லலையேப்பா. குழாயில்ல சொல்லுது" என்றார் ராவுத்தர். அவருடைய குரலும் இறங்கித்தான் இருந்தது.

"குழாய்க்கு என்னத்த தெரியும்! சாமிக்குத் தெரியும்."

மடியிலிருந்து ஒரு கட்டிச் சூடத்தை எடுத்தார். தீப்பெட்டியை எடுத்தார். கொளுத்தின சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பஞ்சாயத்து கிடையாது. பொய்ச் சத்தியம் என்றால் குடும்பம் விளங்காது என்பது மொக்கைச்சாமிக்கு எழுத்துப் பிசகாத நம்பிக்கை. சூடத்தைத் தகரத்தின்மேலேயே வைத்தார்.

"ஐயோ! தீ! எண்ணெயாணு, ஸ்பிரிட்டாணு!" என்று மேனோன் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

நான் ஓடிப்போய் மொக்கைச்சாமியின் கையைப் பிடித்தேன். தீக்குப் பயந்து பிடிக்கவில்லை.

கறை விழுந்த காகிதத்தை அதற்குச் சற்று முன்னால் மூக்குக்கு நேரே கொண்டுபோயிருந்தேன். எலுமிச்சை வாசனை வெயிலோடு போய்விட்டது. மிஞ்சி நின்றது நல்லெண்ணெய் வாசனை. சனிக்கிழமை தலைக்கு வைத்துக்கொள்கிற எண்ணெய். யாருக்கும் தெரியாமல் இருக்காது.

அந்த வாசனையோடு, மூன்று வாரத்துக்கு முன் நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணே, சத்தியம் பண்ணாதீக" என்றேன்.

மொக்கைச்சாமி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் களவாணின்றியா?"

"இல்லண்ணே."

"பின்ன ஏன்டா கையைப் பிடிக்கிற?"

மேனோன் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் சத்தியத்தைத் தடுத்ததே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் சொன்னது இதுதான்:

"ஒரு மணி நேரம் கொடுங்க முதலாளி. சுருளிப்பட்டிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

ஊறுகாய்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குச் சைக்கிளில் அதிக நேரம் ஆகாது. அன்று எனக்கு ஆற்றைத் தாண்டினது ஞாபகமில்லை. வயலில் களை எடுத்தவர்கள் யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை.

அந்த வீட்டில் நான் மொக்கைச்சாமியை அண்ணன் என்பேன், பேச்சியம்மாளை மதினி என்பேன். உறவு ஒன்றும் இல்லை. எண்ணெய் சோதிக்கப் போய்ப் போய் வந்த முறை. மதினிக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் அன்றைக்குப் பொழுது போகாது. "புல்லெண்ணெய்க்காரன் பக்கத்துல வந்தா கொசு ஓடுது, பொண்ணும்ல ஓடும்! ஒன்னை எவ கட்டிக்குவா கொழுந்தனாரே?" என்பார். புல்லை அறுத்துக் கட்டுக் கட்டுவதும் அவர்தான். கையெல்லாம் புல் கீறின கோடுகள் இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சோதனை முடிந்து, நான் சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"லாரி வார வரைக்கும் இதை எப்படிடா வச்சிருக்கிறது?"

"காத்துப் படாம வச்சிருங்க மதினி. காத்துப் பட்டாக் கெட்டுப்போகும்."

"ஊறுகா மாதிரியா?"

"ஆமா ஆமா, அது மாதிரிதான்."

சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டேன். எனக்கு அவசரம். இன்னும் இரண்டு அடுப்பு பார்க்க வேண்டியிருந்தது. அதோடு, புத்தகத்தில் படித்ததை ஒருவருக்குச் சொல்லிவிட்ட பெருமையும் இருந்தது. தகரத்தை வாய்முட்ட நிரப்பி மூடியை இறுக்க வேண்டும் என்பதுதான் சொல்லியிருக்க வேண்டியது. அதைச் சொல்லவில்லை.

நான் போனபோது மதினி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மதினி, தகரத்துல நல்லெண்ணெய் ஊத்துனீகளா?"

"ஊத்துனேன். ஏன்?" முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. "மூணு தகரமும் வாய் வரைக்கும் நிறையல. அந்த எடத்துல காத்து நிக்கும்ல? ஊறுகாய்க்கு மேல ஊத்துறாப்புல தகரத்துக்கு ஒரு உழக்கு ஊத்தி மூடிவச்சேன். தீவாளிக்குன்னு வச்சிருந்த செக்கெண்ணெய். நீதானடா சொன்ன?"

ஊறுகாயில் மேலே நிற்கிற எண்ணெய், புல்லெண்ணெயில் மேலே நிற்காது. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் என்று சொன்னேன். கிட்டங்கியில் நடந்ததைச் சொன்னேன். சூடம் வரைக்கும் சொன்னேன்.

மதினி ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டார்.

"அண்ணனுக்குத் தெரியுமா, நான் ஊத்துனது?"

"தெரியாது."

"தெரியாமலே சத்தியம் பண்ணப் போயிருக்காக." கொசுவத்தை உதறிச் செருகிக்கொண்டார். "எடு சைக்கிள. நடந்து வந்தா அந்த மலையாளத்தான் பெயின்டைப் பூசிருவான்."

யார் சொல்லித் தந்தது

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு பெண்பிள்ளை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். பார்த்தார்கள். மதினி கவலைப்படவில்லை.

கிட்டங்கிக்குள் வந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேனோனைப் பார்த்துச் சொன்னார்:

"எண்ணெய் ஊத்துனது நான். அவுகளுக்குத் தெரியாது. கெட்டுப்போகாம இருக்கத்தான் ஊத்துனேன். தகரத்துக்கு ஒரு உழக்கு. களவு பண்ணுறவ செக்குல ஆட்டுன நல்லெண்ணெயையா ஊத்துவா?"

மேனோன் தூரிகையைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. வேலையில் கண்டிப்பு, அவ்வளவுதான்.

"இங்ஙனெ செய்யணும் என்று ஆரு பறஞ்ஞு? யாரு சொல்லித் தந்தது?"

மதினி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். 'நான்தான் சார் சொன்னேன்' என்பதற்கு மூன்று சொல் போதும். மேஜைமேல் என் சீட்டு கிடந்தது. அதில் என் கையெழுத்து. ஏற்கெனவே மேனோன் அதைச் சந்தேகமாகப் பார்த்திருந்தார். காசு வாங்கிக்கொண்டு சுத்தம் என்று எழுதினேன் என்றுகூட நினைக்கலாம். முப்பது ரூபாயில் இருபதை அப்பாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் அந்த ஒரு கணத்தில் எனக்குள் ஓடியது. அந்த மூன்று சொல் வரவில்லை.

"ஊறுகாய்க்கு ஊத்துறதை ஒருத்தர் சொல்லித் தரணுமாக்கும்?" என்றார் மதினி.

ராவுத்தர் என்னைப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

மேனோன் யோசித்தார். லாரி வியாழக்கிழமை காலையில் லோயர் கேம்ப் வழியாக மலை ஏற வேண்டும். அன்று திங்கள். கடைசியில் இப்படித் தீர்ப்புச் சொன்னார்: மூன்று தகரத்தையும் திரும்பக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். ஆவியோடு புல்லெண்ணெய் மட்டும் வரும். நல்லெண்ணெய் கொப்பரையிலேயே தங்கும். அப்படித் தங்கினதை அவர் முன்னால் அளக்க வேண்டும். மூன்று உழக்கு இருந்தால் அறியாமல் செய்தது. கூட இருந்தால் வந்த எண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பெயின்ட்.

"அளந்துதான ஊத்துன?" என்றார் மொக்கைச்சாமி, மனைவியிடம்.

"உழக்கு நசுங்குன உழக்கு. கண்ணளவுக்கு ஊத்துனேன்" என்றார் மதினி.

தகரங்களை வண்டியில் ஏற்றினார்கள். கிட்டங்கி வாசலில் மதினி என்னிடம் வந்தார். நான் குனிந்துகொண்டிருந்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா கொழுந்தனாரே?"

"இப்பப் போயிச் சொல்லிர்றேன் மதினி."

"சொல்லி? ஒன்னைய அனுப்பிட்டு, மலைக்கு அங்கிட்டிருந்து ஒருத்தனைக் கொண்டாந்து வைப்பாக. அவன்கிட்டப் போயி, ஏன்டா இப்படின்னு நான் கேக்க முடியுமா? நீ இரு. இருந்து, அடுத்த தடவை எவளாவது ஊறுகாயான்னு கேட்டா, சைக்கிள விட்டு எறங்கிப் பதில் சொல்லு."

மூன்று உழக்கு

செவ்வாயும் புதனும் அடுப்பு அணையவில்லை. சரிவில் ஓடைக்குப் பக்கத்தில்தான் அவர்களுடைய கொப்பரை. மூடியின் விளிம்பில் களிமண் பூசிவிட்டு, ஆவி எங்காவது கசிகிறதா என்று மதினி கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வடிகிற தண்ணீரில் வாசனை நிற்கும். அதை வீணாக்காமல் எடுத்துத் திரும்பக் கொப்பரைக்குள்ளேயே விட்டார்கள். புல்லைப் போட்டுக் காய்ச்சினால் சட்டென்று வருகிற எண்ணெய், வெறும் எண்ணெயைப் போட்டால் நகத்தைக் கடிக்க வைக்கிற நிதானத்தில் வந்தது. விறகு போய்க்கொண்டே இருந்தது. மேனோன் பாறைமேல் கம்பளியை விரித்து உட்கார்ந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டார். இடத்தை விட்டு நகரவில்லை.

மொக்கைச்சாமி என்னோடு பேசவில்லை. விறகு எடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டார். நான் கீழே வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வார்.

புதன் மத்தியானம் குழாயில் வெறும் தண்ணீர் மட்டும் வர ஆரம்பித்தது. அடுப்பை அணைத்தார்கள். கொப்பரை ஆறுகிற வரைக்கும் எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. யாரும் உட்காரவும் இல்லை.

மூடியைத் திறந்தபோது தண்ணீரின் மேல் பழுப்பாக ஒரு ஆடை மிதந்தது. மதினி சிரட்டைக் கரண்டியால் அதை விளிம்போடு சேர்த்து வழித்து ஒரு சட்டியில் எடுத்தார். மேனோன் கம்பத்திலிருந்து ராவுத்தரின் கடை உழக்கை வாங்கி வரச் சொல்லியிருந்தார், நசுங்காத உழக்கு. அளவைப் பார்க்கிறவன் நான்.

ஒன்று. தளும்பத் தளும்ப.

இரண்டு.

மூன்று. நிறைந்துவிட்டது. நான் சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் இருந்தது.

"ஊத்து" என்றார் மேனோன்.

சட்டியின் அடியில் தங்கினதை நாலாவது தடவை உழக்கில் ஊற்றினேன். அடியிலிருந்து ஒரு விரற்கடை நின்றது. அவ்வளவுதான். ஆனால் மூன்றுக்கு மேலே.

மொக்கைச்சாமி தலையைத் திருப்பிக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தார். மதினி கரண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

மேனோன் அந்த விரற்கடையில் சுட்டுவிரலைத் தோய்த்தார். கட்டைவிரலோடு சேர்த்து உருட்டினார். முகர்ந்தார். திரும்பவும் உருட்டினார். நல்லெண்ணெய் வழுக்கும். இது விரலில் ஒட்டிப் பிசின்போல இழுத்தது.

"இது புல்லெண்ணெயின் கசடு" என்றார். "ரெண்டாம் தடவை காய்ச்சினால் எப்போதும் உண்டு. இத்தரை அளவு உண்டாவும். செரி."

புது எண்ணெயை ஸ்பிரிட்டில் விட்டுக் குலுக்கினார். குழாயின் அந்தப் பக்கம் இருந்த மலை எங்களுக்குத் தெரிந்தது.

அவர் முகம் கழுவ ஓடைக்குப் போனதும் மொக்கைச்சாமி என்னிடம் வந்தார். இரண்டு நாள் கழித்து முதல் பேச்சு.

"தம்பி, கோவத்துல ஒன்னைய என்னமோ நெனச்சுட்டேன். அன்னிக்கு நீ கையைப் பிடிக்கலன்னா, அறியாமப் பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பேன். சாமி கேக்கிறப்போ என்னையத்தான் கேட்டிருக்கும். ஒனக்குத்தான்டா நன்றி சொல்லணும்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார். மதினி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான், "பரவாயில்லண்ணே" என்றேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த ஊறுகாய்ப் பேச்சை மொக்கை அண்ணனுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. மதினியும் சொல்லியிருக்கமாட்டார். அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகையால் இந்த வாரப் பத்திரிகை கம்பத்துக்கு வந்ததும் நானே ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அவர் முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசிப்பதாக இருக்கிறேன்.

வியாழக்கிழமை லாரி போனது. மூன்று தகரமாகப் போக வேண்டியது இரண்டரைத் தகரமாகப் போனது. காய்ச்சினதில் கழிந்த எண்ணெய், இரண்டு நாள் விறகு, கூட நின்ற ஆட்களின் கூலி, மேனோனின் சாப்பாடு, தகரம் போக வர வண்டி வாடகை, எல்லாமே அண்ணன், மதினி பேரில் எழுதப்பட்டது. முதலாளி சொல்லச் சொல்ல எழுதியவன் நான். எனக்கு அந்த மாதமும் முப்பது ரூபாய் முழுதாக வந்தது. அவர்களுக்குப் பிடித்தம் போனது நாற்பத்தேழு ரூபாய் பத்தணா.